லெபனானுக்கு நாலு பொட்டலம்

8 அக்டோபர் 2024, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வருஷம் முடியப்போகிற நேரத்தில் டைரியைத் திறப்பதற்கு, எழுதும்படியாக ஒன்றும் நடக்காத ஒருத்தி எழுத உட்கார்ந்ததற்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். இது உரக் கம்பெனி கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் துத்தநாக சல்பேட் விளம்பரம். நான் பில் போடும் உரக்கடையில் இதுபோல ஒரு கட்டு கிடந்தது. "எடுத்துக்கோம்மா. எலி திங்கதுக்கு நீயாவது எழுது" என்றார் முதலாளி கமால் பாய்.

எழுதாவிட்டால் யாரிடமாவது பேசவேண்டும். எனக்குப் பேச வராது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் நான். பி.காம். என்ன பிரயோஜனம்? கடையில் போன் அடித்தால் கூட வேலை பார்க்கும் ஆசிபா எடுக்கட்டும் என்று விதைப் பாக்கெட் ரேக்குக்குப் பின்னால் போய் நிற்கிறேன்.

அண்ணன் சதீஷ்குமார் லெபனானில் இருக்கிறான். ஐ.நா. அமைதிப் படைக்கு நம் ராணுவம் அனுப்பிய பட்டாளத்தில் ஒருவன். அவன் போனபோது அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்: "காஷ்மீரு மாதிரி இல்லக்கா. சண்டை போடப் போகல, சண்டைய வெலக்கி விடப் போயிருக்கான்." இப்போது அந்த எல்லையில் விடிந்தால் குண்டு, பொழுது அடைந்தால் குண்டு. அம்மா பண்டல் போடும் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வருவதற்குள் நான் செய்திச் சேனலை மாற்றி சீரியலை வைத்துவிடுகிறேன்.

நேற்று அண்ணன் பேசினான். "இங்க ஒண்ணுமே இல்லட்டி. ஆலிவ் மரம், ஆப்பிள் மரம். சும்மா உக்காந்து தின்னு தொப்பை வச்சுட்டு" என்றான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் திடும் என்று ஒன்று.

"என்னண்ணே அது?"

"தகரக் கதவுட்டி. காத்துக்கு அடிக்குது."

தகரக் கதவு அடித்தால் ஒருவன் மூச்சை இழுத்துப் பிடிப்பானா?

10 அக்டோபர், வியாழன்

ஐ.நா. படையின் காவல் கோபுரத்திலேயே குண்டு விழுந்ததாம். காயம்பட்டவர்கள் வேறு நாட்டுக்காரர்கள். அதைப் படித்ததும் 'அப்பாடா' என்றேன். பிறகு வெட்கமாக இருந்தது. அவர்களுக்கும் தங்கச்சிகள் இருப்பார்கள்.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. ஒவ்வொரு வருஷமும் போல கமால் பாயே பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் வாங்கித் தந்துவிட்டு, நாங்கள் தராசுக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைத்து முடிக்கும்வரை வெளியே போய் டீக்கடையில் நின்றார்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. தெரியாத எண். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆசிபா பிடுங்கி எடுத்தாள். கொஞ்ச நேரம் "ஆமா... ஆமா..." என்றுவிட்டு என் காதில் வைத்து அமுக்கினாள். "ஏட்டி, பேரு பத்திரகாளி. போன் அடிச்சா ஒளியுத. உனக்குப் பேரு வச்ச அன்னைக்கு உங்க அம்மா பக்கத்துத் தொட்டில்ல பாத்துட்டாவ போல."

பேசியவர் ஹவில்தார் சுடலைராஜ். விளாத்திகுளம் பக்கம். அண்ணனுடைய பட்டாளம்தான். மகளுக்குக் காதுகுத்து என்று லீவில் வந்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு திரும்புகிறார்.

"தங்கச்சி, நம்ம பக்கத்துப் பயலுவ நாலு பேரு அங்க இருக்கானுவ. தீவாளிக்கு வீட்டுப் பண்டம் இல்லாம மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு இருப்பானுவ. வீட்டுக்கு மூணு கிலோ தாங்க, நான் கொண்டு போறேன். நீங்க கோவில்பட்டில இருக்கிய, படிச்ச பிள்ள, எல்லார் கிட்டயும் வாங்கி வச்சுருங்க. தண்ணியா இருக்கது, தீப்பிடிக்கது, பேட்டரி போட்டது, இந்த மூணும் கூடாது. பிளைட்டு பாத்துக்கிடுங்க. நல்லா பிரிச்சுப் பாத்து வாங்குங்க."

"சரி அண்ணாச்சி" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். படிச்ச பிள்ளையாம்.

அம்மாவிடம் மூன்று விதியையும் சொன்னேன். "நான் என்ன மண்ணெண்ணெயவா அனுப்பப் போறேன்?" என்றாள்.

16 அக்டோபர், புதன்

மழை பெய்த மறுநாள். கடைக்கு வருகிற ஒவ்வொரு விவசாயியும் செருப்போடு ஒரு கிலோ கரிசல் மண்ணைக் கொண்டுவருகிறார். மக்காச்சோள விதைக்கும் உளுந்துக்கும் கூட்டம். அதற்கு நடுவில் என் பொட்டலங்கள். கமால் பாய் குடோனில் ஒரு மேஜை ஒதுக்கித் தந்தார். "யூரியா மூட்டைப் பக்கம் வைக்காத. முறுக்குல வாசம் ஏறிச்சுன்னா அங்க உள்ளவன் நம்ம மேல குண்டு போடுவான்."

கயத்தாற்றிலிருந்து கருப்பசாமி என்ற சிப்பாயின் அம்மா வந்தார். பையில் அதிரசம், கடலைமிட்டாய், கருவாடு, ஒரு பாட்டில் நல்லெண்ணெய்.

"எண்ணெய் கூடாது பெரியம்மா."

"எண்ணெ தேய்க்காம என்ன தீவாளி? அவன் என்ன மூதேவியா?"

"பிளைட்ல விடமாட்டாங்க."

"பிளைட்டுக்காரன் எண்ணெ தேய்க்க மாட்டானாக்கும்?"

என்னால் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டே பாட்டிலை எடுத்து வெளியே வைத்தேன். அவர் திட்டிக்கொண்டே இன்னொரு பொட்டலம் கருவாட்டை அந்த இடத்தில் வைத்தார். கருவாட்டை நான் ஒன்றும் சொல்லவில்லை. இசக்கிராஜா என்பவரின் மனைவி விஜி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அவளுடைய பையிலிருந்து நான் எடுத்தது சார்ஜர் பேட்டரி ஒன்று, ஊறுகாய் ஒன்று. "சரியான கலெக்டரம்மாதான்" என்று சிரித்தாள். நாலாவது வீடு எட்டயபுரம் பக்கம். அவர்கள் சேவும் சீரணி மிட்டாயும் மட்டும் கொடுத்து அனுப்பினார்கள், தொந்தரவில்லை.

போகும்போது விஜி மெல்லக் கேட்டாள். "அங்க ரொம்ப மோசமாக்கா? இவிய போன்ல சிரிச்சுக்கிட்டே பேசுதாவ."

"ஒண்ணும் இருக்காது" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன்?

19 அக்டோபர், சனி

அம்மா இன்று ஆபீஸுக்கு லீவு போட்டு முறுக்கு சுட்டாள். நான் கடையிலிருந்து வந்தபோது எங்கள் பொட்டலம் தயாராக இருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றி, கோணி ஊசியால் நெருக்கி நெருக்கித் தைத்திருந்தாள். அண்ணன் பேரை எழுத மட்டும் ஒரு இடம் விட்டிருந்தாள்.

"பிரிச்சுப் பாக்கணுமே" என்றேன்.

"என் கைய நம்ப மாட்டியா? முறுக்கு, கடலைமிட்டாய், பருப்புப்பொடி, தீவாளி லேகியம், வேட்டி. லேகியம் தண்ணியில்ல, கெட்டிதான்."

சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். பேரை ஆங்கிலத்தில் எழுதினேன். மற்ற மூன்று வீட்டுப் பைகளையும் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தவள், என் வீட்டுத் தையலைப் பிரிக்கவில்லை.

20 அக்டோபர், ஞாயிறு

ஸ்டேஷனில் கொடுத்தாயிற்று. சுடலைராஜ் அண்ணாச்சி நான் நினைத்ததைவிடச் சின்ன ஆள். ஒல்லி. அவருடைய மனைவி தீபலட்சுமி அக்கா அழவில்லை, ஆனால் கணவரின் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுச் சரி பண்ணிக்கொண்டே இருந்தார். பையில் ஒன்றுமே இல்லை. காது குத்திய சின்னப் பெண் புதுக் கம்மலோடு அப்பாவின் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"எல்லாம் பிரிச்சுப் பாத்துட்டியளா தங்கச்சி?"

"பாத்துட்டேன் அண்ணாச்சி."

"அப்ப நான் பாக்கல. வீட்டுப் பொம்பளைக தச்ச தையல நான் எதுக்குக் கிழிக்க? உங்கள நம்பிக் கொண்டு போறேன்."

சென்னை வண்டி வந்தது. ஏறிவிட்டார். அங்கிருந்து டெல்லி. அங்கே கேம்பில் சில நாள் தங்கி, பிறகு விமானம்.

21 அக்டோபர், திங்கள்

ஐயோ.

தீபாவளிக்கு அம்மாவின் ஆபீஸில் கொடுத்த பட்டாசு கிஃப்ட் பாக்ஸை இன்று சாயங்காலம் திறந்தேன். கம்பி மத்தாப்பு இல்லை. மற்ற எல்லாம் இருக்கிறது. அது மட்டும் இல்லை.

"மத்தாப்ப எங்கம்மா?"

அரிசி களைந்துகொண்டே சொன்னாள், ஏதோ குழம்பில் உப்புப் போட்டதைச் சொல்வதுபோல. "அண்ணனுக்கு வச்சுட்டேன். வேட்டி மடிப்புக்குள்ள. கூட ஒரு தீப்பெட்டியும். அந்த ஊர்ல எங்கன போய் வாங்குவான்?"

"தீப்பிடிக்கது கூடாதுன்னு சொன்னேன்லாம்மா!"

"மத்தாப்பு தீப்பிடிக்க சாமானா? கொளுத்துனாத்தானட்டி பிடிக்கும்! நான் எத்தன வருஷமா பண்டல் போடுதேன், எனக்குத் தெரியாதா? நம்ம ஆபீஸ் பெட்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போவுது. எம் பிள்ளைக்கு ஒண்ணு போவக்கூடாதா?"

அப்பா போன பிறகு தீபாவளி விடியக்காலையில் எண்ணெய் தேய்த்ததும் முதல் மத்தாப்பை அண்ணன்தான் கொளுத்துவான். அதன் நெருப்பில்தான் அம்மாவும் நானும் எங்களுடையதைப் பற்றவைப்போம். அவன் ராஜஸ்தானில் இருந்தபோதும் அங்கே கொளுத்தி வீடியோவில் காட்டினான். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா இங்கே கொளுத்தினாள். "தலைப்பிள்ள கொளுத்தாம நாம எப்பிடிட்டி கொளுத்த?" என்றாள், நான்தான் புரியாதவள் என்பதுபோல.

நான் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். 'பாத்துட்டேன் அண்ணாச்சி.' என் வாயால் சொன்னது. அவர் அந்தப் பொட்டலத்தைத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போகிறார்.

22 அக்டோபர், செவ்வாய்

கடையில் பில் தப்புத் தப்பாகப் போட்டேன். பொட்டாஷ் கேட்டவருக்கு டி.ஏ.பி. என்று அடித்துவிட்டேன்.

மாட்டினால் என்ன ஆகும் என்று நாள் பூராவும் அதே யோசனைதான். விமான நிலையத்தில் பெட்டி மிஷினுக்குள் போகும். உள்ளே கம்பி கம்பியாகத் தெரியும். ராணுவத்துக்காரன், போர் நடக்கிற நாட்டுக்குப் போகிறவன், பெட்டிக்குள் வெடிச் சாமான். அவரை உட்காரவைத்துக் கேட்பார்கள். 'யார் கொடுத்தது?' பொட்டலத்தின் மேல் அண்ணன் பேர். என் கையெழுத்து. அவர் வேலை போய்விடுமா? ஜெயிலா? காது குத்திய அந்தப் பிள்ளை...

மத்தியானம் இன்னொன்று தோன்றியது. அது இதைவிடப் பெரிய பயம்.

மாட்டாமல் போய்ச் சேர்ந்துவிட்டால்?

அண்ணன் அம்மா சொன்னால் தட்டமாட்டான். விடிவதற்கு முன்னால், இருட்டோடு கொளுத்தவேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. அந்த எல்லையில், இருட்டில், வெள்ளை வெளேர் என்று ஒரு வெளிச்சம். தூரத்தில் எவனோ பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு அது தீபாவளி என்று யார் சொல்வது?

போன் போட்டேன். மணி அடித்தது. "ஹலோ" என்றார். வைத்துவிட்டேன்.

சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பார் பாவம். 'ரயிலில் இருக்கிறேன் தங்கச்சி, சரியாகக் கேட்கவில்லை' என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறார்.

நான் ஏன் இப்படி இருக்கிறேன்? தப்பைச் செய்தது அம்மா. பயப்படுவது நான். மாட்டப்போவது அவர்.

23 அக்டோபர், புதன்

பேசிவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் ஆசிபாவிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"நீ பேசேன் ஆசிபா. உனக்குத்தான் பேச வருமே."

"பேசுவேன். ஆனா 'பாத்துட்டேன்'னு சொன்னது நானா? நான் பேசினா, அந்த மனுசன் 'ஏன், அந்தப் பிள்ளைக்கு வாயில்லையா'ன்னு கேப்பாரு. அதுக்கு நான் என்ன சொல்ல? 'எங்கம்மா மத்தாப்பு வச்சுட்டாவ அண்ணாச்சி.' இவ்வளவுதாண்டி. மூச்சு விடாமச் சொல்லு. சொல்லிட்டு வேணும்னா மயங்கி விழு, நான் பிடிச்சுக்கிடுதேன்."

குடோனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். எண்ணை அவள்தான் அழுத்தினாள்.

"சொல்லுங்க தங்கச்சி. டெல்லி வந்து சேந்தாச்சு. ஒரே பொகை இங்க."

"அண்ணாச்சி, எங்க வீட்டுப் பொட்டலத்துல எங்கம்மா மத்தாப்பும் தீப்பெட்டியும் வச்சுட்டாவ. நான் பாக்கல. பாத்துட்டேன்னு பொய் சொல்லிட்டேன்."

யாரோ இந்தியில் பேசுவது மட்டும் தூரத்தில் கேட்டது.

"உங்கள நம்பித்தானம்மா வாங்குனேன்" என்றார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "ரிட்டயர் ஆவப்போற ஆளு நான். எனக்கு என்ன ஆயிருக்கும்னு தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி. நேத்தே போன் போட்டேன். பயந்து வச்சுட்டேன்."

"எதுக்கு வச்சாவ அதை?"

"தீவாளி அன்னைக்கு விடியக்காலம் அண்ணன் கொளுத்தணும்னு..."

"கொளுத்தவா? அங்கனயா?" இப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது. "அங்க பொழுது அடைஞ்சா பீடி பத்தவைக்க விடமாட்டோம். சன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டியிருக்கோம். உங்க அண்ணன் இருக்க போஸ்ட்டுப் பக்கத்துல விழுந்து, ஒரு வாரமா பங்கருக்குள்ள கிடந்தானுவ. சோறு கூட நடுங்கிக்கிட்டே தின்னானுவ. அதுக்குள்ள போய் மத்தாப்பு..."

சட்டென்று நிறுத்தினார்.

"அவன் சொல்லலியா?"

"தகரக் கதவுன்னான்."

நீளமாக ஒரு மூச்சு விட்டார். "சொல்லமாட்டான். நானும் எங்க வீட்டுல சொன்னதில்ல. விடுங்க. நான் பிரிச்சுப் பாத்துக்கிடுதேன்."

வைத்துவிட்டார். ஆசிபா என் தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நான் மயங்கி விழவில்லை. யூரியா மூட்டைமேல் உட்கார்ந்து, அண்ணன் பங்கருக்குள் உட்கார்ந்து சோறு தின்பதை நினைத்தேன். அவன் சாப்பிடும்போது யாரும் பேசக்கூடாது அவனுக்கு. சின்ன வயசிலிருந்தே.

24 அக்டோபர், வியாழன்

சுடலைராஜ் அண்ணாச்சி ஒரு படம் அனுப்பினார். கேம்ப் கட்டிலின் மேல் எங்கள் மத்தாப்பு, எங்கள் தீப்பெட்டி. பக்கத்தில் இன்னும் ஒரு தீப்பெட்டி, கருவாட்டுச் செதில் ஒட்டியபடி. அதற்குப் பக்கத்தில் ஒரு பாம்பு மாத்திரைப் பெட்டி. கீழே எழுதியிருந்தார்: 'கருவாட்டுக்குள் ஒன்று. விஜி வீட்டு அதிரசத்துக்கு நடுவில் ஒன்று. கோவில்பட்டிக்காரர்களை நம்பினால் நேரே ஜெயில்தான். நீங்கள் சொல்லாவிட்டால் நான் எதையுமே பிரித்திருக்க மாட்டேன்.'

கவிழ்த்துப் பார்த்து வாங்கியவள் நான். என் கண்ணெதிரே கருவாட்டை வைத்தார்கள்.

கருப்பசாமியின் அம்மாவுக்குப் போன் போட்டேன். நானாகவே போட்டேன்.

"ஆமா தாயி, வச்சேன். கருவாடு சுடணும்னா அடுப்புப் பத்தவைக்க வேண்டாமா? எண்ணெயத்தான் புடுங்கிக்கிட்ட, நெருப்பாவது போவட்டும்னு வச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீரும் வந்துவிட்டது. அண்ணன் இந்த வாரம் பேசவில்லை.

26 அக்டோபர், சனி

அந்த ஊருக்கு விமானம் சரியாக ஓடவில்லையாம். அண்ணாச்சி இன்னும் டெல்லியில். அண்ணன் இன்னும் பேசவில்லை.

28 அக்டோபர், திங்கள்

அம்மா கேட்டாள். "பொட்டலம் போய்ச் சேந்திருக்குமாட்டி?"

"சேந்திருக்கும்."

என் வாய்க்கு இப்போது பொய் பழகிவிட்டது. எல்லோரையும் போல எனக்கும்.

31 அக்டோபர், வியாழன். தீபாவளி

விடியக்காலம் அம்மா எழுப்பி எண்ணெய் வைத்தாள். தெருவில் வெடிச் சத்தம். ஒவ்வொன்றுக்கும் என் உடம்பு தூக்கிப் போட்டது. எத்தனை வருஷம் கேட்ட சத்தம் இது! இந்த ஊரில் பிறந்துவிட்டு வெடிக்குப் பயப்படுகிறேன்.

குளித்து முடித்து அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். புதுச் சேலையின் மடிப்புகூடக் கலையவில்லை. அவன் கொளுத்துவதைப் பார்க்காமல் பெட்டியைத் திறக்கமாட்டாள். "அங்க இன்னும் விடியல என்ன?" என்றாள். அங்கேயும் விடிந்திருக்கும். இங்கே வெயிலே வந்துவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"அம்மா, மத்தாப்பு அண்ணனுக்குப் போகல. நான் சொல்லி எடுத்துப் போட்டாச்சு. மாட்டியிருந்தா அந்த அண்ணாச்சி வேலை போயிருக்கும். போயிருந்தாலும்... அங்க ராத்திரில வெளிச்சம் காட்டக்கூடாதாம்மா."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தெருவைப் பார்த்தாள்.

"அப்போ எம் பிள்ள இருட்டுக்குள்ளயா இருக்கான்?"

அவள் மடியிலிருந்த போனை எடுத்துக் கீழே வைத்தேன்.

"தெரியும்ட்டி" என்றாள். "நீ சேனல மாத்துனா எனக்குத் தெரியாதா? ஆபீஸ்ல அவளவ எல்லாம் போன வச்சுக்கிட்டுப் பாக்காளுவ. நான் வந்தா மூடிருதாளுவ. நீ பயந்த பிள்ள, உனக்குத் தெரியாம இருக்கட்டும்னுதான் நான் வாயத் திறக்கல."

நான் அம்மா மடியில் தலையை வைத்துக்கொண்டேன். எண்ணெய், சிகைக்காய், புதுத் துணி வாசம். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பார்த்தேன். இத்தனை நாளும் நடுங்கியிருக்கும். நான் பார்க்கவில்லை.

கிஃப்ட் பாக்ஸை அப்படியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

2 நவம்பர், சனி

சுடலைராஜ் அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். 'பண்டம் பத்திரம். ஆள்களும்' என்று மட்டும் எழுதியிருந்தார். அந்தக் கடைசி வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். விஜிக்கும் கயத்தாற்றுக்கும் நானே போன் போட்டுச் சொன்னேன்.

3 நவம்பர், ஞாயிறு

இன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் கூப்பிட்டான். வீடியோ இல்லை, குரல் மட்டும். அம்மா கையைக்கூடக் கழுவாமல் போனை எடுத்தாள்.

"கடலைமிட்டாய் எல்லாம் உருகி ஒரே பாறையா வந்திருக்கும்மா. சுத்தியல வச்சு உடைச்சுத் தின்னோம். லேகியத்த ஒரு இத்தாலிக்காரன் சாக்லேட்டுன்னு தின்னுட்டு ஓடுதான்."

அம்மா சிரித்தாள். மத்தாப்பைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. "நல்லாத் தூங்குதியா?" என்று மட்டும் கேட்டாள். "நல்லாத் தூங்குதேம்மா. இங்க என்ன வேலை?" என்றான். அம்மா என்னைப் பார்த்தாள். போனை என்னிடம் நீட்டிவிட்டு, கை கழுவுகிற சாக்கில் உள்ளே போனாள்.

"என்னட்டி, நீயா அண்ணாச்சிக்குப் போன் போட்டுப் பேசுனியாம்? பட்டாளமே பேசுது. எப்பிடிட்டி பேசுன?"

"பயந்துக்கிட்டேதான் பேசுனேன்."

சிரித்தான். பின்னால் தூரத்தில் ஏதோ ஒன்று விழுந்தது. அவன் சிரிப்பு பாதியில் நின்று, மறுபடி ஒட்டிக்கொண்டது. நான் அது என்ன என்று கேட்கவில்லை. அவனும் கதவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"சரிட்டி, லைன் போயிரும். அடுத்து ஆள் வருத வரைக்கும் ஒண்ணும் அனுப்ப முடியாது. நான் வரும்போது உனக்கு என்ன வேணும், சொல்லு. சென்ட்டா, வாட்ச்சா?"

ஊரில் எல்லோருக்கும் என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வாங்கி வைத்தேன் இந்த மாசம் பூராவும். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இன்று சொன்னேன். முழுசாகச் சொன்னேன்.

"ஒண்ணும் வாங்கிட்டு வராத. அம்மாகிட்ட எப்பவும் போல சொல்லிக்கோ. எங்கிட்ட மட்டும், பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுண்ணே."